பதிமூன்றோடு நின்ற எண்ணிக்கை

பிள்ளையார்பாளையத்தில் எந்தப் படத்துக்குக் கூட்டம் போகும், எந்தப் படம் ஈ ஓட்டும் என்பது வீராசாமியின் வாயில் இருந்தது. அவன் பத்திரிகையில் எழுதுகிறவன் இல்லை. கையெழுத்துப் போடவே ரெண்டு நிமிஷம் எடுத்துக்கொள்வான். பாவு பிணைக்கிறவன்.

தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல் மூன்று சேலையோடு தீர்ந்துபோகும். புதுப் பாவு ஏற்றும்போது பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. சாம்பலை விரலில் தொட்டு ஒரு முறுக்கு, அடுத்த இழை, ஒரு முறுக்கு. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும். இந்த வேலைக்குக் கையும் கண்ணும் போதும், வாய் சும்மாதான் இருக்கும். வீராசாமியின் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எந்த வீட்டில் பிணைக்க உட்கார்ந்தாலும் அந்த வீட்டுப் பெண்கள் ஊடை நூலைத் தாரில் சுற்றுகிற ராட்டினத்தை அவன் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். அடுத்த வீட்டுக்காரி ஏதாவது இரவல் கேட்கிற சாக்கில் வந்து நின்றுவிடுவாள்.

எங்கள் தெருவில் தறி நிற்பது அமாவாசை அன்றைக்கு மட்டும். மாதத்துக்கு ஒரு நாள், அந்த நாளில் ஒரு படம். அது சப்பென்று போய்விட்டால் அடுத்த அமாவாசை வரைக்கும் மனசு ஆறாது. அதனால் யாரும் குருட்டுப்போக்கில் டாக்கீசுக்குப் போவதில்லை. வீராசாமி வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வருவான், சனிக்கிழமை சொல்லுவான், ஊர் தீர்மானம் பண்ணும்.

படத்தின் பேர் அவனுக்கு நினைவில் நிற்காது. அவனாக ஒன்று வைப்பான். குதிரை வழுக்கி விழுந்த படம், நாலு மீசைப் படம், கிணத்துப் படம். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு தடவை டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஒருத்தி, "நாலு மீசைப் படத்துக்கு ரெண்டு குடுப்பா" என்று கேட்டு, உள்ளே இருந்தவன் முழித்தான்.

சண்டைப் படத்துக்கு அவன் சொல்லுகிற தீர்ப்பு கறாராக இருக்கும்.

"ஒம்போது பேரை அடிக்கிறாம்பா. ஒருத்தன் அடி வாங்கிக்கினு இருக்கும்போது மத்த எட்டுப் பேரும் ரேஷன் கடையில நிக்கிற மாதிரி வரிசையில நிக்கிறான். 'அடுத்து நானு, அடுத்து நானு'ன்னு. இதுக்குப் பேரு சண்டையா?"

"வில்லன் எப்படி மாமா?"

"வில்லன் தேவலாம். சிரிப்புதான் நீளம். அவன் சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ எழுந்து வீட்டுக்கு வந்து சோத்துக்கு ஒலை வச்சுட்டுப் போயிடலாம்."

பேய்ப் படத்துக்கு அவன் செய்த உபகாரம் வேறு. பயந்தவர்களும் பேய்ப் படம் பார்க்கலாம் என்று வழி செய்துகொடுத்தவன் அவன்தான். எங்கே கண்ணை மூட வேண்டும் என்று சொல்லுவான்.

"பாட்டு முடிஞ்சதும் கதவு கிறீச்சுங்கும். ஒண்ணும் ஆவாது, பார்த்துக்கினே இரு. ரெண்டாவது கிறீச்சு, அதுக்கும் ஒண்ணும் ஆவாது. மூணாவது கிறீச்சுக்குக் கண்ணை மூடு. இருபது எண்ணு. தொற. பேய் போயிருக்கும்."

அச்சுப் பிசகாமல் அப்படியே இருக்கும். இருபது எண்ணித் திறந்தால் கதாநாயகி மூர்ச்சை தெளிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது கிறீச்சுக்கு நூறு பேர் ஒன்றாக முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு முணுமுணுவென்று எண்ணுவார்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்து கேட்டால் ஏதோ பஜனை நடக்கிற மாதிரி இருக்கும்.

எழுபத்தொன்றில், வைகாசி மாதம். என் மகள் அம்சா ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆரணியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அதற்கு முந்தின வருஷம் ஒரு தடவை உண்டாகி, ஆறாம் மாசத்தில் கலைந்துவிட்டது. தெருவில் ஒரு மாடு மிரண்டு இவளைப் பார்த்து ஓடி வந்ததாம், அன்று சாயங்காலமே வலி. ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாள். என் பெண்சாதி ரேணுகாம்பாள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பயம்தான் காரணம் என்று அவள் மனசில் ஊன்றிவிட்டது. உண்மையைச் சொன்னால் என் மனசிலும்தான். அதனால் இந்தத் தடவை வீட்டில் பாத்திரம் கீழே விழக்கூடாது. சத்தமாகத் தும்மினாலும் ரேணுகா என்னை முறைப்பாள்.

அம்சாவுக்குச் சின்ன வயசிலிருந்து சண்டைப் படம் என்றால் உயிர். மாமியார் வீட்டில் ரெண்டு வருஷமாக ஒரு படத்துக்கும் அழைத்துப் போகவில்லை. வந்த நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு சண்டைப் படம்ப்பா. கத்திச் சண்டை கூட வேணாம். கைச் சண்டை போதும்."

"வயித்துல புள்ளைய வச்சிக்கினு சண்டையாம். அமாவாசையும் அதுவுமா" என்றாள் ரேணுகா.

"வேற என்னிக்கிம்மா அப்பாவுக்குத் தறி நிக்குது?"

புள்ளைத்தாச்சி கேட்டதை இல்லை என்று சொல்ல ரேணுகாவுக்கு மனசு வரவில்லை. வீராசாமி சொல்லட்டும், பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை என் தறிக்குத்தான் பாவு பிணைப்பு. மறுநாள் அமாவாசை. வீராசாமி சாம்பல் கிண்ணத்தோடு உட்கார்ந்ததுமே நான் கேட்டேன்.

"யோவ், நேத்து பார்த்தியே, என்னய்யா படம்?"

"பங்களாப் படம். சண்டை நல்லா இருக்குதுப்பா. ஒரு சண்டை மாடிப்படியில. கீழ இருந்து மேல அடிச்சிக்கினே போறான், மேல இருந்து கீழ அடிச்சிக்கினே வர்றான். கைப்பிடிச் சுவர் கூட உடையுது."

அம்சா ராட்டினத்தை நிறுத்திவிட்டாள்.

"பங்களான்றியே. பேய் இருக்குதா?" என்றேன் நான்.

"பேய் இருக்குதுன்னு சொல்றானுங்க. ஜமீன்தார் பொண்டாட்டி செத்துப்போயி சுத்துறாளாம். கடைசியில பார்த்தா எல்லாம் திருட்டுப் பசங்க வேலை. மழை, காத்து, நாய் ஊளை, அவ்வளவுதான். பேய் ஒண்ணும் கண்ணுல படல."

ரேணுகா அடுப்பங்கரையில் இருந்து வெளியே வந்தாள். "அண்ணே, எம்பொண்ணு ஏழு மாசம். உன் வாயால சொல்லு. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லையே?"

வீராசாமி இழையை விரலில் பிடித்தபடி நிமிர்ந்தான். "ஒண்ணும் இல்லம்மா. நான் சொல்றன். தாராளமா இட்டுக்கினு போ."

அவன் சொன்னால் போதும் எங்களுக்கு. பத்து வருஷத்தில் அவன் சொல்லி ஒன்றும் தவறினதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டரை மணி ஆட்டத்துக்குப் போனோம். ரேணுகா மகளின் கொண்டையில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகி, மடியில் ஒரு இரும்புச் சாவியை முடிந்து, ரிக்‌ஷாவில் ஏற்றி அழைத்து வந்தாள். நான் சைக்கிளில் போனேன். டாக்கீசில் பெண்களுக்கு இடம் தனி. நடுவில் இடுப்புயரச் சுவர், அதற்கு மேல் ஒரு மூங்கில் தட்டி. அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள், நான் இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இடைவேளை வரைக்கும் படம் நன்றாகத்தான் போனது. மாடிப்படிச் சண்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. அது யார் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் அதற்காக நானே அவளைத் திட்டியிருக்கிறேன்.

அந்த நேரத்தில் வீராசாமி எங்கே இருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சாயக்காரர் முருகேசன். சாயப்பட்டறைக்காரருக்குத் தறிக் கணக்கு கிடையாது, அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் சனிக்கிழமையே படத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னா வீராசாமி, பங்களாப் படத்துக்குக் கண்ணு மூடுற எடமே சொல்லலியாமே நீ?" என்றார்.

"என்னாத்துக்குச் சொல்லணும்? அதுல பேய் ஏது?"

"பேய் ஏதா? இடைவேளைக்கு அப்புறம் கண்ணாடியில வருதே, அது என்னா உங்க சித்தியா? நாய் ஊளை போட்டு அடங்குது. ஒரு சத்தம் கெடையாது. அவன் வெளக்கைத் தூக்கிக் கண்ணாடியில மூஞ்சி பார்க்கிறான், பின்னால அவ நிக்கிறா. எனக்கு அதுக்கப்புறம் சோறு எறங்கல. டாக்கீசே மூச்சுவிடாம கெடந்துதுய்யா."

வீராசாமி டீயைக் கீழே வைத்தான். டாக்கீசு மூச்சுவிடாமல் கிடந்தது அவனுக்கும் ஞாபகம் இருந்தது. சனங்கள் சலித்துப்போய்த் தூங்குகிறார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டானாம்.

பிறகு அவன் ஓடின ஓட்டத்தைக் கடைத்தெரு முழுக்கப் பார்த்திருக்கிறது. செருப்பு டீக்கடை வாசலிலேயே கிடந்தது.

இடைவேளை முடிந்து, மழை பெய்து, நாய் ஊளையிட ஆரம்பித்த நேரம். கதவுத் திரையை விலக்கிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். நேராக நடுச் சுவர் பக்கம் போனான். திரை வெளிச்சத்தில் அவன் தலை மட்டும் தெரிந்தது.

"அம்சா! கண்ணை மூடிக்கோம்மா! அம்சா!"

வீட்டில் என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். முன்னால் இருந்தவன் கத்தினான்.

"எவன்டா அவன்?"

"நம்ம வீராசாமிடா."

"யோவ், உக்காருய்யா. மறைக்குது."

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. "பேய் வருதும்மா, சத்தம் இல்லாம வருது. எல்லாரும் மூடிக்குங்க. நான் எண்ணுறேன். நான் சொல்ற வரைக்கும் யாரும் தொறக்காதீங்க."

அந்தக் குரல் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த குரல். அவன் போய் உட்காராத வீடு ஏது? அந்தப் பக்கம் சரசரவென்று முந்தானைகள் போகிற சத்தம் கேட்டது. வீராசாமி மூங்கில் தட்டியைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி, எண்ண ஆரம்பித்தான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நாய் அடங்கியது. டாக்கீசில் அவன் குரலைத் தவிர ஒன்றும் இல்லை. திரையில் அந்த மனுசன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கண்ணாடியை நோக்கிப் போனான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மகளிடம் போக வழி இல்லை, நடுவில் சுவர். அவள் கண்ணை மூடினாளா, இல்லையா? சொன்ன பேச்சு கேட்கிற பெண்ணா அவள்?

"ஒம்போது... பத்து... பதினொண்ணு..."

குரல் நடுங்க ஆரம்பித்தது. திரையில் கண்ணாடி தெரிந்தது. அதில் விளக்குப் பிடித்தவன் முகம் தெரிந்தது. அவன் தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று மெதுவாக மேலே வந்தது.

"பன்னெண்டு... பதிமூணு..."

அதோடு நின்றுவிட்டது.

பதினாலு வரவில்லை. அந்தப் பக்கம் நூறு பெண்கள் கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். பதிமூன்றில் ஒரு மனுசன் எண்ணுவதை நிறுத்தினால் என்ன அர்த்தம்? அவனைப் பேய் அடித்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஒரு கிழவி பொறுக்கமாட்டாமல் கத்தினாள்.

"பதினாலு சொல்லித் தொலைய்யா, பாவி!"

வீராசாமி சொல்லவில்லை. அவன் கழுத்தை முன்னால் நீட்டித் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான், தறியில் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி. பிறகு பேசினான். குரலில் நடுக்கம் இல்லை.

"அய்ய. சேலையை உள்பக்கம் வெளிய தெரியக் கட்டிக்கினு வந்திருக்கிறா."

பார்த்தேன். நிஜம். ஜமீன்தார் பெண்சாதியின் பட்டுச் சேலை, மேலெல்லாம் புட்டா என்கிற சின்னச் சின்ன ஜரிகைப் பூ. புட்டாவின் பின்பக்கத்தில் ஜரிகை நூல் நூலாகத் தொங்கும். அது உடம்போடு போகிற பக்கம். அந்தப் பக்கத்தைத்தான் அந்தப் பேய் உலகத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது. முந்தானையில் ஒரு நூல் தனியாகப் பிரிந்து, பேய் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஆடியது. பட்டணத்தில் படம் எடுத்தவனுக்கு அது தெரிந்திருக்காது. வேறு எந்த ஊரிலும் அதை யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். இங்கே முன் பெஞ்சில் இருந்து பின் பெஞ்சு வரைக்கும் தறிக்குழியில் கால் விட்டுக்கொண்டு பிறந்த சனம்.

"தொறந்து பாருங்கம்மா" என்றான் வீராசாமி. "ஒண்ணும் இல்ல. ஜமீன்தார் வீட்டுல பொடவை கட்டத் தெரியாதவ செத்துப்போயிருக்கிறா."

முதலில் ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தான். பிறகு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. உயரமாக, மூச்சு வாங்கி, நிறுத்த முடியாமல் வந்த சிரிப்பு. நூறு சிரிப்புக்கு நடுவில் வந்தாலும் எனக்கு அது தெரியும். அம்சா.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மாடு மிரண்ட நாளிலிருந்து என் நெஞ்சில் ஏதோ ஒன்று இறுகிக்கொண்டே இருந்திருக்கிறது. அது இளகினபோதுதான் இருந்ததே எனக்குத் தெரிந்தது. மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். பேய் அப்புறமும் ரெண்டு தடவை வந்தது. வந்தபோதெல்லாம் "திருப்பிக் கட்டு, திருப்பிக் கட்டு" என்று டாக்கீசே கூவியது.

வெளியே வந்தபோது வீராசாமி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருந்தான். ரேணுகா அவனைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏண்ணே, உன்னை நம்பித்தானே இட்டுக்கினு வந்தேன்? ஒண்ணும் இல்லைன்னு சாமி மாதிரி சொன்னியே. ஏதாச்சும் ஆயிருந்தா?"

அவன் தலை நிமிரவில்லை. "தப்புத்தாம்மா. என் தப்புத்தான்."

"உடும்மா" என்றாள் அம்சா. சிரித்துச் சிரித்து அவள் முகம் சிவந்திருந்தது. கை வயிற்றின் மேல் இருந்தது. "உள்ள ஒதைக்குதும்மா. அதுவும் சிரிக்குது போல. மாமா, பதினாலு எங்க? பாக்கி ஏழு எனக்கு வந்து சேரணும்."

அவர்களை ரிக்‌ஷாவில் அனுப்பிவிட்டு நாங்கள் ரெண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அவன் வெறுங்காலோடு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் நான் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையே பார்த்தியே. அப்ப அது உன் கண்ணுல படலியா?"

"படல."

"எப்படிய்யா படாம போவும்? டாக்கீசு அகலத்துக்கு நிக்கிறா."

அவன் நின்றான். "காசிநாதா, யாருகிட்டயும் சொல்லாத. நான் பேயைப் பார்த்ததே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"எந்தப் படத்துலயும் பார்த்ததில்ல. எனக்குப் பயம். சின்ன வயசுல இருந்து. கதவு கிறீச்சுன்னா மூடிக்குவேன். எண்ணுவேன். பக்கத்துல இருக்கிறவன் மூச்சு விடுறது கேக்கும், அப்பத் தொறப்பேன். அதுதான் இருபது. பதினேழும் வரும், இருபத்திரண்டும் வரும், சராசரியா இருபதுன்னு வச்சிக்கினேன். இந்தப் படத்துல நாய் ஊளைக்கு மூடினேன். அப்புறம் சத்தமே இல்ல. யாரும் மூச்சும் விடல. ஒவ்வொரு தடவையும் இருபது எண்ணித் தொறந்தா அங்க எதுவும் இல்ல, ஒண்ணும் நடக்கலன்னு நினைச்சிட்டேன்."

"பயந்தவன் எதுக்குய்யா வாரா வாரம் போறே?"

"சண்டை புடிக்கும்ப்பா" என்றான். "அதுவும் இல்லாம, நான் போகாட்டி நீங்க எதைப் பார்ப்பீங்க?"

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. பேய்க்குப் பயந்து பத்து வருஷம் கண்ணை மூடின மனுசன், என் மகள் பார்த்துவிடக்கூடாதே என்று அன்றைக்குத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். பதிமூன்று எண்ணும் வரைக்கும் அவனுக்குச் சேலை தெரியாது. பேய்தான் தெரிந்தது.

"செருப்பு எங்க?" என்று கேட்டேன்.

"டீக்கடையில."

"ஏறு. பின்னால உக்காரு."

ஆவணியில் அம்சாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பத்து மாசம் முழுசாக இருந்து, கத்திக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வீராசாமி என்னோடு நின்றிருந்தான். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டதும் "பதினாலு" என்றான். நான் அவன் முதுகில் ஒரு அறை விட்டேன்.

அவன் சொன்னதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ரெண்டு மாசம் கழித்து இன்னொரு பேய்ப் படம் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் என் தறிக்கு வந்து நின்றான்.

"வர்றியா?"

"தறி கெடக்குதுய்யா. அமாவாசையா இன்னிக்கு?"

"சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்."

முணுமுணுத்துக்கொண்டு போனேன். கதவு மூன்று தடவை கிறீச்சிட்டது. அவன் மூடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு விரல் மரத்துவிட்டது, ஆனால் கண் திறந்துதான் இருந்தது. பேய் வந்ததும் அவன் உதடு அசைந்தது. எண்ணுகிறானோ என்று குனிந்து கேட்டேன்.

"முந்தானை சரியாத்தான் கட்டியிருக்கிறா" என்றான். "இது நிஜமாவே பயங்கரம்ப்பா. நாளைக்கு இருபத்தஞ்சு எண்ணச் சொல்லணும்."